ஸ்மோக்கரின் தண்ணீர்ச் சட்டியில் உறைந்த பிசுக்கை எடுத்த விதம்

புகையில் கறி வேகவைக்கும் அடுப்பான ஸ்மோக்கர் ஒன்றைப் பழையதாக விலைபேசும்போது எல்லோரும் மூடியைத் தூக்கிப் பார்க்கிறார்கள், காற்றுத் துளைகளைத் திருகிப் பார்க்கிறார்கள், கால் ஆடுகிறதா என்று அசைத்துப் பார்க்கிறார்கள். நடுவில் உட்கார்ந்திருக்கும் சட்டியை எட்டிப் பார்ப்பவர் குறைவு. நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். முன்பு வைத்திருந்தவர் என்ன சமைத்தார், எப்போது கழுவினார், கழுவினாரா இல்லையா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

டாலஸுக்கு வடக்கே எங்கள் தெருவில், எதிர்வீட்டுப் பெரியவர் வீட்டை விற்றுவிட்டு மகள் இருக்கும் ஊருக்குக் குடிபெயர்ந்தார். கராஜில் இருந்த சாமான்களை வாசலில் பரப்பி விற்றதில் இந்தக் கரி ஸ்மோக்கரும் இருந்தது. 18 அங்குல விட்டமுள்ள உயரமான உருளை. அடிக்கிண்ணத்தில் கரி எரியும். அதற்கு நேர் மேலே எனாமல் பூசிய இரும்புச் சட்டி ஒன்று இருக்கும். தண்ணீர் ஊற்றுவதற்கான சட்டி அது. அதன் மேல் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு வட்டக் கம்பித் தட்டுகள், எல்லாவற்றையும் மூடக் கவிந்த மூடி. கறி தட்டில் கிடந்து மணிக்கணக்கில் புகையில் வேகும். உருகும் கொழுப்பெல்லாம் கீழே அந்தச் சட்டியில் சொட்டும். ஒரு முழு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, வெந்து இறங்கும்போது தன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழந்திருக்கும். அதில் பெரும்பகுதி ஆவியாகிப் போகும் தண்ணீர். மீதி கொழுப்பு, அது முழுக்க சட்டிக்குத்தான்.

பணத்தை வாங்கிக்கொண்டு பெரியவர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார்: "உள்ளே எதையும் கழுவிவிடாதீர்கள். ருசி முழுவதும் அந்தக் கருப்பில்தான் இருக்கிறது." டெக்சாஸில் இந்தப் பேச்சைப் பலரிடம் கேட்கலாம். அவர் சொன்னதில் பாதி சரி. சுவர்களில் படிந்திருக்கும் கருப்பைத் தொட வேண்டாம். அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன். ஆனால் கறி படும் கம்பித் தட்டும் கொழுப்பு தேங்கும் சட்டியும் வேறு கணக்கு. ருசி வருவது விறகிலிருந்தும் நெருப்பை எரிய விடும் விதத்திலிருந்தும். பழைய கொழுப்பிலிருந்து வருவது சிக்கு நாற்றம். அது மறுபடி சூடேறும்போது எழும் புகை கறியில் கசப்பாக ஏறும். அதைவிட முக்கியமாக, தேங்கிய கொழுப்பு என்றைக்காவது தீப்பிடிக்கும்.

சட்டியை வெளியே எடுத்து வெயிலில் வைத்துப் பார்த்தேன். மேலே வெண்மையாக, விரல் தடிமனுக்கு, உறைந்த மாட்டுக்கொழுப்பு. அதன் ஓரத்தைச் சுரண்டியால் நெம்பினால் பாளமாகக் கிளம்பியது. அதற்கு அடியில் பழுப்பு நிறத்தில் ஆடும் ஒரு படலம்: கறியின் சவ்வுகளில் இருக்கும் கொலாஜன் வெந்து ஜெலட்டினாக மாறிக் கொழுப்போடு சொட்டி, தண்ணீரோடு சேர்ந்து கட்டியானது. நாற்றம் முழுக்க இதிலிருந்துதான். கொழுப்பு மாதக்கணக்கில் கிடந்து மெல்லச் சிக்கடிக்கும். ஜெலட்டின் டெக்சாஸ் வெயிலில் மிக விரைவில் அழுகும். அதற்கும் அடியில் சாம்பலும் கருகிய துணுக்குகளும் குழைந்த கருஞ்சேறு. இவை மூன்றும் சுரண்டினால் வந்துவிடும். வராதது நான்காவது: சட்டியின் உட்சுவரில், தண்ணீர் மட்டத்துக்கு மேலே, சுற்றிலும் ஒரு வளையமாகப் பளபளவென்று பிடித்திருந்த தேன்பழுப்புப் பூச்சு. நகத்தால் கீறினாலும் கோடு விழவில்லை.

இந்தப் பூச்சு கொழுப்பிலிருந்து பிறந்ததுதான், ஆனால் இப்போது அது கொழுப்பு இல்லை. கொழுப்பு அமிலங்களில் நிறைவுறாதவை சூட்டிலும் காற்றிலும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய வலையாகிவிடுகின்றன. அதன் பிறகு அது உருகாது, சோப்புக்கும் இளகாது. நம் வீட்டு இரும்புத் தோசைக்கல்லை எண்ணெய் தடவிச் சூடேற்றிப் பழக்கும்போது நடப்பதும் இதே வேதிவினைதான். தோசைக்கல்லில் அதை நாமே வரவழைக்கிறோம். இங்கே வேண்டாத இடத்தில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. கோழிக்கொழுப்பில் நிறைவுறாத அமிலங்கள் மாட்டுக்கொழுப்பில் இருப்பதைவிட அதிகம். அதனால் கோழி சமைத்த சட்டியில் இந்த ஒட்டும் பூச்சு சீக்கிரம் பிடிக்கும். வெள்ளைப் பாளத்தையும் இந்த வளையத்தையும் சேர்த்துப் பார்த்தபோது, பெரியவர் கோழியைத்தான் வழக்கமாகவும் பிரிஸ்கெட்டைக் கடைசியாகவும் போட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆக, ஒரே சட்டியில் இரண்டு விதமான அழுக்கு. முதலாவதற்குச் சூடு போதும். இரண்டாவதற்குக் காரம், அதாவது சோடா வகைப் பொருள், வேண்டும், அதற்கு நேரமும் கொடுக்க வேண்டும். தோள் வலிக்கத் தேய்ப்பது இரண்டுக்குமே வேண்டாத வேலை.

காரத்தில் கை வைக்கும் முன் எது எந்த உலோகம் என்று தெரிந்திருக்க வேண்டும். குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்தேன். சட்டியில் ஒட்டியது, கம்பித் தட்டுகளில் ஒட்டியது, இரண்டும் இரும்பு. சட்டியில் எனாமல், தட்டுகளில் முலாம். கரியைச் சுற்றி நிற்கும் வளையமும் இரும்பு. பக்கவாட்டுக் கதவில் மட்டும் ஒட்டவில்லை. ஒட்டாமல், கையில் எடுத்தால் லேசாகவும் இருந்தால் அலுமினியம். அலுமினியத்தைக் காரத்தில் போடக் கூடாது. காஸ்டிக் சோடா அதை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சலவைச் சோடாகூட அதைக் கருக்கிவிடும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்ட அலுமினியத் தட்டு மங்கிச் சாம்பல் நிறமாக வெளிவருவதும் இதனால்தான். கதவுக்கு வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் மட்டும் என்று தனியே எடுத்து வைத்தேன்.

சுரண்டுவதற்குக் கடையில் விற்கும் இரும்புச் சுரண்டி வேண்டாம். எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடி. தட்டினால் சில்லாகப் பெயரும், பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். மாவு வழிக்கும் பிளாஸ்டிக் பட்டை போதும். சட்டியை வெயிலில் வைத்துச் சற்று இளக விட்டு, கொழுப்புப் பாளத்தை அட்டைப்பெட்டியில் தள்ளினேன். ஜெலட்டினும் சேறும் பின்னாலேயே வந்தன. பெட்டியைக் குப்பைப் பையில் கட்டி, குப்பை வண்டி வரும் நாளுக்கு முந்தைய இரவுதான் வெளியே வைத்தேன். முன்பே வைத்தால் ரக்கூன்கள் வந்து பையைக் கிழித்துத் தெரு முழுவதும் விருந்து வைத்துவிடும். தீ எறும்புகளுக்கு அந்த அளவு பொறுமைகூடக் கிடையாது. சட்டியைப் புல்லில் வைத்துவிட்டு உள்ளே போய்க் கையுறை எடுத்துவருவதற்குள் வரிசை கட்டிவிட்டன.

கரிச் சாம்பலையும் கொழுப்பு நனைந்த காகிதத்தையும் ஒரே பையில் போடாமல் இருப்பது நல்லது. சாம்பலுக்குள் கங்கு ஒரு நாளுக்கும் மேல் உயிரோடு இருக்கும். மேலே ஆறியது போலத்தான் தெரியும்.

அடுத்த சிக்கல் இடம். 18 அங்குல வட்டத் தட்டு எந்தச் சமையலறைத் தொட்டிக்குள்ளும் படுக்காது. நிமிர்த்தி வைத்தால் பாதி நனையும், பாதி காயும். வீட்டுக் கட்டுமானச் சாமான் கடையில் சிமென்ட் கலக்க விற்கும் கருப்புப் பிளாஸ்டிக் தொட்டியை வாங்கினேன். அகலமாக, ஆழம் குறைவாக, இந்த வேலைக்கென்றே வார்த்தது மாதிரி இருக்கிறது. இரண்டு தட்டும் சட்டியும் அதில் படுத்தன.

தண்ணீரின் சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் பெரும்பாலோரின் முயற்சி இங்கேதான் வீணாகிறது. மாட்டுக்கொழுப்பு உருகுவது ஏறத்தாழ 40 முதல் 50 டிகிரி செல்சியஸுக்குள். அமெரிக்க வீடுகளில் வெந்நீர் கொதிகலனைப் பொதுவாக 120 டிகிரி பாரன்ஹீட்டில், அதாவது 49 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்கிறார்கள். குழந்தைகள் கை சுட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக. குழாய் வழியே வந்து, குளிர்ந்த இரும்பில் பட்டு, தொட்டியில் தேங்கும்போது அது 40-க்கும் கீழே இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு சோப்பு போட்டுத் தேய்த்தாலும் கொழுப்பு ஓரிடத்திலிருந்து கிளம்பி இன்னோரிடத்தில் அப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். நாரும் கெட்டு, கையும் வழவழத்து, மனமும் வெறுத்துப்போவது இதனால்.

பின்கட்டில் நண்டும் கிராஃபிஷும் அவிக்க வைத்திருக்கும் புரோபேன் அடுப்பில் பெரிய அண்டா நிறையத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். தொட்டியில் முதலில் குழாய் வெந்நீர், அதன் மேல் கொதிநீரைச் சிறிது சிறிதாக. கறி வெப்பமானியைப் போட்டுப் பார்த்து 65 டிகிரி செல்சியஸில் நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் பிளாஸ்டிக் தொட்டி நெளிய ஆரம்பிக்கும். சட்டியும் தட்டுகளும் அதற்குள் வெயிலில் சூடாகியே இருந்தன. சூடான எனாமலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும், குளிர்ந்த எனாமலில் கொதிநீர் ஊற்றினாலும் பூச்சு வெடித்துச் சில்லு பெயரலாம்.

தண்ணீரில் கரைத்தது சலவைச் சோடா. துணி துவைக்கும் பொடிகள் இருக்கும் வரிசையில் மஞ்சள் பெட்டியில் கிடைக்கும் சோடியம் கார்பனேட். நான்கு லிட்டருக்கு அரைக் கோப்பை. இதைச் சமையல் சோடாவோடு குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சமையல் சோடா சோடியம் பைகார்பனேட். அதன் காரத்தன்மை மிக மெலிது, பிஎச் 8 சொச்சம். சலவைச் சோடா கரைசல் 11 வரை போகும். பிஎச் அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு என்பதால் இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் பெரியது. சலவைச் சோடா கிடைக்காவிட்டால் சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி 200 டிகிரி செல்சியஸ் அடுப்பில் ஒரு மணி நேரம் வைத்தால் தண்ணீரும் கரியமில வாயுவும் போய் அதுவே சலவைச் சோடாவாகிவிடும்.

காரம் கொழுப்பைச் சோப்பாக்குகிறது. கொழுப்பு மூலக்கூறு உடைந்து கிளிசரினும் கொழுப்பு அமிலத்தின் உப்பும் பிரிகின்றன; அந்த உப்புதான் சோப்பு. சிக்கடித்த கொழுப்பில் கொழுப்பு அமிலங்கள் ஏற்கெனவே பிரிந்து நிற்பதால், சலவைச் சோடா போன்ற நடுத்தரக் காரமே அவற்றைப் பிடித்துச் சோப்பாக்கிவிடும். அந்தச் சோப்பு மற்றக் கொழுப்பையும் தண்ணீரில் கரைத்து இழுக்கும். பாட்டிமார் விறகுச் சாம்பலால் எண்ணெய்ப் பாத்திரம் துலக்கியதும் இதே காரணத்தால்தான். சாம்பலில் பொட்டாசியம் கார்பனேட் இருக்கிறது. ஆனால் கடையில் பைகளில் வரும் பிரிக்கெட் கரியின் சாம்பலை நான் அதற்கு நம்ப மாட்டேன். அதில் கரியைத் தவிரப் பிணைப்புக்கான மாவுச்சத்தும் இன்னபிறவும் கலந்திருக்கும்.

தொட்டி ஊறிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தெரு நண்பர் வந்தார். திருநெல்வேலிக்காரர், என்னைவிட இளையவர். "அண்ணாச்சி, இதற்குப் போய் இவ்வளவு பாடா? சோடா மாவைத் தூவி மேலே வினிகரை ஊற்றுங்கள். நுரைத்துப் பொங்கி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிடும். வீடியோவில் பார்த்தேன்" என்றார். "தம்பி, பொங்குவது கரியமில வாயு. அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்பு கரைந்த தண்ணீர். அதற்கு இந்தப் பிசுக்கு அசையுமா?" என்றேன். நம்பவில்லை. கரி வளையத்தில் ஒரு பகுதியை அவருக்கென்று ஒதுக்கிக் கொடுத்தேன். நன்றாகத்தான் பொங்கியது, பார்க்கவும் வேடிக்கையாக இருந்தது. கழுவிப் பார்த்தபோது கருப்பு அதே இடத்தில் இருந்தது. வினிகருக்கு இந்த வேலையில் ஓர் இடம் உண்டு, ஆனால் அது கடைசியில்.

அவர் சொன்ன இன்னொரு வழி அம்மோனியா. தட்டைப் பெரிய குப்பைப் பையில் போட்டு, ஒரு கோப்பை அம்மோனியா ஊற்றி, வாயைக் கட்டி இரவு முழுவதும் வைத்தால் ஆவியே பிசுக்கை இளக்கிவிடும். அது வேலை செய்யும் முறைதான், பலரும் செய்கிறார்கள். பையைத் திறக்கும்போது அடிக்கும் வீச்சத்தைக் கராஜுக்குள் விட எனக்கு மனமில்லை. அம்மோனியா பட்ட இடத்தில் யாராவது தெரியாமல் பிளீச் ஊற்றினால் குளோரமீன் என்ற நச்சுவாயு கிளம்பும். துணி துவைக்கும் சாமானும் பிளீச் பாட்டிலும் இருக்கும் அதே இடத்தில் அந்த வேலை வேண்டாம்.

தொட்டியின் மேல் அட்டையைப் போட்டு, அதன் மேல் பழைய கம்பளியைப் போர்த்தினேன். சூடு நிற்கும் வரைதான் காரம் வேகமாக வேலை செய்யும். ஆக்சிஜன் பிளீச் எனப்படும் பெர்கார்பனேட் பொடியைச் சேர்த்திருந்தால் இன்னும் விரைவாக இளகியிருக்கும். வீட்டில் பீர் காய்ச்சுபவர்கள் கலன் கழுவ வைத்திருக்கும் பொடியும் அந்த வகைதான். ஆனால் அதைப் போட்ட பாத்திரத்தை இறுக மூடக் கூடாது, வாயு சேர்ந்து மூடியைத் தள்ளிவிடும்.

காலையில் கம்பளியை விலக்கியபோது தண்ணீர் அடர்பழுப்பாகியிருந்தது. மேலே மங்கிய நிறத்தில் ஓர் ஆடை கட்டியிருந்தது. விரலால் தொட்டால் கொழுப்பின் பிசுபிசுப்பு இல்லை, சோப்பின் வழுக்கல். பாதி சோப்பு, பாதி ஆறி உறைந்த கொழுப்பு. அதை வடிகரண்டியால் அள்ளிக் காகிதத்தில் போட்டுக் குப்பைக்கு அனுப்பினேன். தட்டைத் தூக்கியபோது கம்பிகளில் இருந்த கருப்பு தோலாக உரிந்து தொங்கியது.

ஆனாலும் கம்பித் தட்டில் முழுக்க உரிந்துவிடவில்லை. கம்பிகளின் நேர்ப்பகுதி எளிது. எஃகு நாரைக் கம்பியைச் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே இழுப்பாக இழுத்தால் சுத்தமாகிவிடும். முன்னும் பின்னுமாகக் குறுக்கே தேய்த்தால் ஒரு பக்கம் போய் மறுபக்கம் நிற்கும். தொல்லை கொடுப்பது சந்திகள். மேலே வரிசையாக ஓடும் கம்பிகள் கீழே இருக்கும் குறுக்குக் கம்பியின் மேல் பற்றவைத்து உட்கார்ந்திருக்கும். அந்தப் பற்றவைப்பின் இரு பக்கமும் முக்கோணமான சிறு இடுக்கு உண்டு. எந்த நாரும் அங்கே நுழையாது. அங்கேதான் வருடக்கணக்கான கரியும் கொழுப்பும் கல்லாகிக் கிடக்கும். மேலே பளபளக்கும் தட்டைத் திருப்பிப் பார்த்தால் இது தெரியும். கறிக்கடியில் கருந்துகள் ஒட்டுவதும் இதனால்தான். அதற்கு நான் கண்ட வழி முரட்டுச் சணல் கயிறு. சோடாக் கரைசலில் நனைத்து, இடுக்கில் கொடுத்து, இரு கையாலும் ரம்பம் அறுப்பதற்கு இழுப்பதுபோல இழுத்தால் கயிறு நசுங்கி இடுக்கின் வடிவத்தை எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதைச் சுரண்டிக்கொண்டு வரும். கயிறு கருத்தவுடன் அடுத்த பகுதிக்கு நகர்த்த வேண்டும். கயிற்றுக்கும் மசியாத இடத்தில் மூங்கில் குச்சியைக் கூராக்கிக் குத்தினேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பாட்டு கேட்டுக்கொண்டே செய்யலாம்.

கம்பித் தூரிகையைத் தொடவே இல்லை. கிரில் கடைகளில் விற்கும் கம்பி மயிர்த் தூரிகையிலிருந்து மயிர் ஒன்று உதிர்ந்து தட்டில் சிக்கி, கறியோடு வாய்க்குப் போய்விடும். 2011 மார்ச் முதல் 2012 ஜூன் வரை ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரில் இப்படிக் கம்பியை விழுங்கி மருத்துவமனைக்கு வந்த ஆறு பேரைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிக்கை வெளியிட்டது. தொண்டையில் குத்தியதும் உண்டு, குடலைத் துளைத்ததும் உண்டு. எஃகு நாரும் இழை விடும்தான். அதனால்தான் அதைக் கழுவும் தொட்டியில் மட்டும் பயன்படுத்தி, பிறகு நீர் பாய்ச்சிக் கழுவி, வெள்ளைத் துணியால் கம்பி கம்பியாகத் துடைத்தேன். துணியில் நூல் இழுபட்டால் அங்கே ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுப்புச் சுத்திகரிப்பான் தெளிப்பைக் கம்பித் தட்டில் ஏன் அடிக்கவில்லை என்று கேட்கலாம். அதில் இருப்பது காஸ்டிக் சோடா. முலாம் பூசிய கம்பியில் அது முலாமை மங்கடித்துவிடும். டப்பாவின் மேலேயே குரோமியத்திலும் அலுமினியத்திலும் வேண்டாம் என்று எழுதியிருப்பார்கள். தானே சூடேறிச் சுத்தம் செய்துகொள்ளும் வசதியுள்ள வீட்டு அடுப்பில் தட்டை வைத்து எரித்துவிடலாம் என்பது இன்னொரு யோசனை. பிசுக்கோடு வைத்தால் வீடு முழுக்கப் புகை, சில நேரம் தீ. முலாமும் நிறம் மாறிவிடும்.

அந்தத் தெளிப்பு எனாமல் சட்டிக்குத்தான். வெள்ளைப் பாளம் இருந்த இடமெல்லாம் சலவைச் சோடாவிலேயே போய்விட்டது. மட்டத்துக்கு மேலிருந்த தேன்பழுப்பு வளையம் மட்டும் சற்று மங்கி, அப்படியே நின்றது. காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, நைட்ரைல் கையுறையும் கண்ணாடியும் போட்டு, வளையத்தின் மேல் மட்டும் அடித்தேன். அதன் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளை ஒட்டி வைத்தேன், இல்லாவிட்டால் டெக்சாஸ் காற்றில் நுரை காய்ந்து பொருக்காகிவிடும். ஈரம் இருக்கும் வரைதான் அது வேலை செய்யும். டப்பாவில் சொன்ன நேரத்துக்கு மேல் விடக் கூடாது. எனாமலும் கண்ணாடிதான்; கடுங்காரம் நாள்பட அதன் மினுக்கைத் தின்னும். தாளை எடுத்தபோது நுரை வெள்ளையிலிருந்து பழுப்பாகியிருந்தது. பிளாஸ்டிக் பட்டையால் வழித்தபோது வளையத்தின் பெரும்பகுதி கூழாக வந்தது. சட்டியின் கைப்பிடி ஓரத்தில் இரண்டாம் முறை அடிக்க வேண்டியிருந்தது. சட்டியின் வெளி அடிப்பாகம் கரி நெருப்புக்கு நேரே நிற்பதால் கன்னங்கரேலென்று இருக்கிறது. அதைத் தொடவில்லை. அது புகைக்கரி, யாருடைய உணவிலும் படாது, அடுத்த முறை அப்படியே திரும்பி வரும்.

நன்றாக நீர் பாய்ச்சிக் கழுவிய பிறகு வினிகருக்கு முறை வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம் அதிகம். சலவைச் சோடாவோடு அது சேர்ந்தால் காய்ந்த பிறகு வெண்பூச்சாகப் படியும். தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து ஒரு துடைப்பு. பூச்சும் போகிறது, எங்காவது மிஞ்சிய காரமும் அடங்குகிறது.

அழுக்குத் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்பதை நான் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தேன். பெரும்பாலான அமெரிக்க ஊர்களில் தெருவோர மழைநீர் வடிகால் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதில்லை. நேரே ஓடைக்குப் போகிறது. வண்டிப்பாதையில் வைத்து அழுத்த நீர்ப் பீச்சியால் அடித்துக் கழுவுபவர்கள் தங்கள் கொழுப்பை ஓடை மீனுக்குப் பரிமாறுகிறார்கள். புல்லில் ஊற்றினால் சோடியம் வேரைக் கெடுக்கும். வீட்டுக் கழிவுநீர்க் குழாய்தான் இடம், ஆனால் கொழுப்பை அள்ளிய பிறகு. குழாய்க்குள் கொழுப்பு போனால் அங்கேயும் சோப்பு உருவாகும். நல்ல சோப்பு இல்லை. கொழுப்பு அமிலமும் கான்கிரீட்டிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வரும் கால்சியமும் சேர்ந்து கரையாத சுண்ணாம்புச் சோப்பாகிக் கல்லாகக் கெட்டியாகும். 2017-இல் லண்டன் வைட்சேப்பல் சாக்கடையில் கண்டுபிடித்த கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. டாலஸ் மாநகராட்சி 'சீஸ் த கிரீஸ்' (கொழுப்பை நிறுத்து) என்ற பெயரில் இதற்கென்றே பிரசாரம் நடத்தி, சமையல் எண்ணெயையும் கொழுப்பையும் தொட்டியில் ஊற்றாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. தண்ணீரை முழுக்க ஆற விட்டு, மறுபடி ஒருமுறை ஆடையை வழித்து, பழைய துணியில் வடிகட்டி, துணி துவைக்கும் அறைத் தொட்டியில் குழாய்நீரையும் திறந்துவிட்டு மெல்ல ஊற்றினேன்.

இனி சுவர்கள். மூடியின் உட்புறத்தில் கருஞ்செதில்கள் தொங்கின. பெயிண்ட் உரிகிறது என்று பயந்து கடைக்குத் திருப்பிக் கொடுப்பவர்கள்கூட உண்டு. அது புகையும் கொழுப்பும் சேர்ந்து கரியாகி உரியும் படலம். உள்ளே பெயிண்ட் கிடையாது, எனாமல்தான். அலுமினியத் தாளைக் கசக்கி உருண்டையாக்கித் தேய்த்தால் தளர்ந்தது உதிரும். உதிராதது அங்கேயே இருக்கட்டும். மூடியும் உருளையும் சேரும் இடத்தில் இந்தப் படலம்தான் இடைவெளியை அடைத்துக் காற்றுக் கசிவைக் குறைக்கிறது. பெரியவர் சொன்னதில் சரியான பாதி இதுதான். ஆனால் தொட்டால் ஒட்டும், மூக்கில் சுள்ளென்று ஏறும் பளபளப்பான தார் இருந்தால் அதை விட்டு வைக்கக் கூடாது. காற்றுத் துளைகளை அளவுக்கு மீறி மூடி, ஈர விறகு போட்டு, நெருப்பை மூச்சுத் திணற விட்டால் வருவது அது. கறியைக் கசக்க வைப்பதும் அதுவே. இந்த ஸ்மோக்கரில் அது இல்லை. நெருப்பைப் பெரியவர் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார், சட்டியைத்தான் விட்டுவிட்டார்.

எல்லாம் காய்ந்ததும் கம்பித் தட்டுகளில் மெல்ல எண்ணெய் தடவி உள்ளே வைத்து, கறி எதுவும் இல்லாமல், துளைகளையெல்லாம் திறந்துவிட்டுக் கரியை முழு வீச்சில் எரித்தேன். உள்சூடு 175 டிகிரி செல்சியஸைத் தாண்ட விட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல். சுத்திகரிப்பானின் வாடை எங்காவது ஒளிந்திருந்தால் அதில் போய்விடும். நெடுநாள் மூடி வைத்திருந்து உள்ளே பூஞ்சை பிடித்த ஸ்மோக்கருக்கும் இதுதான் முதல் வேலை: முதலில் எரித்து, பிறகு சுரண்ட வேண்டும்.

இனி அந்த வளையம் திரும்ப வராமல் பார்த்துக்கொள்வது சட்டியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்வதுதான். தண்ணீர் இருக்கும் வரை சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கொழுப்பு தண்ணீரின் மேல் மிதந்துகொண்டு உருகிய நிலையிலேயே இருக்கும். தண்ணீர் வற்றிய பிறகு அடியில் எரியும் கரி சட்டியை நேரடியாகச் சுடும். கொழுப்பு முதலில் வறுபடும், பிறகு பிணைந்து பூச்சாகும், இன்னும் விட்டால் தீப்பிடிக்கும். அப்படி வற்றிப்போன சட்டியில் பதறித் தண்ணீர் ஊற்றக் கூடாது; நொடியில் ஆவியாகி எரியும் கொழுப்பை முகத்தில் வாரி அடிக்கும். மூடியைப் போட்டு, துளைகளை மூடி, நெருப்பைக் காற்றில்லாமல் அணைய விட வேண்டும். சிலர் தண்ணீருக்குப் பதில் மணல் நிரப்பி மேலே அலுமினியத் தாள் விரிக்கிறார்கள். தாள் கிழியாத வரை அது நல்ல முறைதான். கிழிந்தால் மணல் கொழுப்பைக் குடித்துச் சிக்கடிக்கும். மணலைக் கழுவ முடியாது, கொட்டத்தான் வேண்டும். நான் சட்டிக்கு இரட்டைத் தாள் விரித்து, மேல்தாளைச் சற்றுத் தொய்வாக, அடியில் படாமல் கட்டி, அதில் தண்ணீர் ஊற்றுகிறேன். சமையல் முடிந்து, கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும், தண்ணீரை ஆற விட்டு உறைந்த கொழுப்போடு தாளைச் சுருட்டி எடுத்துவிட்டால் சட்டிக்கு ஒரு துடைப்பு போதும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் வேலை இல்லை இது, அதுவும் கோடையில்.

சுத்தம் செய்த பிறகுதான் கீழ்த்தட்டின் உண்மை நிலை தெரிந்தது. நடுவில் நான்கைந்து கம்பிகளில் முலாம் உரிந்து இரும்பு தெரிகிறது. கழுவித் துடைத்த கையோடு செம்மஞ்சள் துரு பூத்தது. எண்ணெய் தடவி ஓட்டலாம்தான், ஆனால் முலாம் ஓரங்களில் செதிலாகக் கிளம்புவதால் அதன் மேல் கறி வைக்க விருப்பமில்லை. மாற்றுத் தட்டு தனியாகக் கிடைக்கிறது. வாங்குபவர்கள் பெட்டியில் போட்ட '18 அங்குலம்' என்பதை மட்டும் நம்பாமல், பழைய தட்டை நாடா வைத்து அளந்துவிட்டு வாங்க வேண்டும். மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே அளவு இல்லை, கீழ்த்தட்டு சற்றுச் சிறியது. மாற்றுத் தட்டு வரும் வரை மேல்தட்டில் மட்டும் கோழித் தொடைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறேன்.